ரெண்டாம் பந்தியில கேக்க வேண்டியது

தண்ணி தெளிச்சாச்சு, உப்பு வச்சாச்சு, ஊறுகா வந்தாச்சு, இனி எப்ப வேணும்னாலும் கேக்கலாம். சோத்துக்கு முன்னாடி கேக்கணுமா, மோருக்கு அப்புறமான்னு பரமசிவன் சொல்லல. எம்மகன் அவன். அந்தா தூண்ல சாஞ்சு நின்னு போனப் பாக்குத மாதிரி என்னையத்தான் பாக்கான். தென்காசியில கல்யாண மண்டபம், என் பேத்தி தாரிணியோட சிநேகிதிக்குக் கல்யாணம், இதுல எனக்கு என்ன வேலைன்னா, எடது பக்கம் உக்காந்திருக்க இந்த நீலச்சேலைக்கார அம்மா எந்த ஆளுங்கன்னு கேட்டுட்டு வரணும். பேரு பொன்னுத்தாயாம். இவங்க பேரன் இளம்பரிதியத்தான் கட்டுவேன்னு தாரிணி நிக்கா. ரெண்டு பேருக்கும் பெங்களூர்ல ஒரே ஆபீசு. கல்யாணப் பொண்ணு வீட்டுக்கு இவங்க பக்கத்து வீடு, அதான் வந்திருக்காங்க. இவங்க உக்காந்ததப் பாத்தானோ இல்லியோ, பரமசிவன் என் முழங்கையப் பிடிச்சுக் கொண்டாந்து பக்கத்து நாற்காலியில அமுக்கிட்டான். "நான் கேட்டா விசாரணை மாதிரி இருக்கும்மா, நீங்க கேட்டா பேச்சோட பேச்சாப் போயிரும்"னு கார்லயே சொல்லிட்டான். நெசந்தான். எங்க பக்கம் அப்படித்தான நடக்கு. ஆம்பளைங்க வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க, மரியாதை இல்லைன்னு. உத்தியோகம் பாக்குத பொம்பளைங்க கேக்க மாட்டாங்க, நாகரிகம் இல்லைன்னு. அதுக்குன்னுதான் வீட்டுக்கு ஒரு கிழவி. கிழவி கேட்டா யாருக்கும் கோவம் வராது, பாவம் பொழுது போகாமக் கேக்கான்னு விட்டுருவாங்க. பதில் மட்டும் போய்ச் சேர வேண்டிய எடத்துக்கு நேரா போயிரும். காலையில என் சேலைக்கு பின் குத்தும்போது தாரிணி சொன்னா, "ஆச்சி, அப்பா உங்களக் கேக்கச் சொல்லியிருக்காங்கல்லா? கேக்காதீங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அப்பா அதோட வேண்டாம்னுருவாங்க. அப்பா வேண்டாம்னா நான் ஓடில்லாம் போக மாட்டேன். அவனையும் கட்ட மாட்டேன், வேற யாரையும் கட்ட மாட்டேன்." இன்னொரு பின்ன பல்லுல கடிச்சுக்கிட்டே சொன்னா. அழல. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

அவியல் வருது. அவியல்ல முருங்கைக்கா நார் நாரா இருக்கு, முத்தினத வெட்டிப் போட்டிருக்கான். நாற்காலி லேசா ஆடுது, திரும்பிப் பாத்தா ஒருத்தர் எனக்குப் பின்னாடி வந்து நின்னு சாய்மானத்த ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்காரு. நான் எந்திரிச்சதும் உக்காரதுக்கு. இன்னும் எனக்குச் சோறே விழல. கார் சாவிய விரல்ல மாட்டிச் சுத்துதாரு, கிலுக் கிலுக்குன்னு என் காது பக்கத்துல. எல்லா நாற்காலிக்குப் பின்னாடியும் ஒரு ஆள் நிக்கு. த்ரேயாட். அந்த வார்த்தை சும்மா வந்து விழுது பாருங்க. ஆயிரம் வருசத்துக்கு முந்தின இங்கிலீசுல த்ரேயாட்னா கூட்டம். வெறும் ஜனக்கூட்டம், நெருக்கி நிக்கிறது. அப்புறம் அந்த நெருக்கமே பயமாகி, மிரட்டலாகி, இன்னைக்கு த்ரெட்டுன்னு சொல்லுதோமே அதாப் போச்சு. இத நான் காலேஜுல எம்.ஏ. பிள்ளைகளுக்கு வருசா வருசம் சொல்லிக் குடுத்தேன். ஆங்கில மொழி வரலாறுன்னு ஒரு பேப்பர், யாரும் எடுக்க மாட்டேன்னு ஒதுங்கினது, புதுசா வந்த உலகம்மா தலையில கட்டுவோம்னு என் தலையில கட்டிட்டாங்க. கட்டினது ரிட்டயர் ஆகுத வரைக்கும் எறங்கல. ஃபோல்க்னா ஜனம். தேயோட்னா ஒரு நாட்டு ஜனம். லேயோட்னாலும் ஜனந்தான். ஹேயாப்னா கூட்டம், அதுதான் பின்னாடி குவியல்னு ஆச்சு, இந்தா இவன் வைக்கிற உருளைக்கிழங்கு மாதிரி, போதும்பா, போதும். ஒரு ராஜா சட்டமே போட்டிருக்கான், ஏழு பேரு வரைக்கும் வந்து அடிச்சா அவங்க திருடங்க, அதுக்கு மேல முப்பத்தஞ்சு வரைக்கும் ஹ்லோத், கும்பல், அதுக்கும் மேல போனா ஹெரே, படை. தலைய எண்ணிப் பேரு வச்சிருக்கான். ஹெரேன்னா எங்கிருந்தோ கொள்ளையடிக்க வார படை. நம்ம ஊர்க்காரன் ஈட்டியத் தூக்கிட்டு நின்னா அதுக்குப் பேரு ஃப்யூர்ட். ஈட்டி ஒண்ணுதான், மனுசனும் ஒண்ணுதான். கடைசி பெஞ்சுல கஸ்தூரின்னு ஒரு பிள்ளை, பீடி சுத்தியே படிச்ச பிள்ளை, எந்திரிச்சு, "மேடம், ஜனத்துக்கு எதுக்கு இத்தன வார்த்தை, வேற சோலி இல்லையா அவங்களுக்கு?"ன்னு கேட்டா. நம்மட்ட எத்தன இருக்குன்னு நீங்களே சொல்லுங்கன்னு சாக்பீச எடுத்தேன். சனம்னு ஒருத்தி, கும்பல்னு ஒருத்தி, குடி, திரள், கூட்டம், பயலுவன்னு ஒருத்தி, எல்லாத்தையும் போர்டுல எழுதுதேன், நம்மாளுன்னு கஸ்தூரி சொன்னா. கொல்லுன்னு சிரிச்சாங்க. அப்புறம் டக்குன்னு சிரிப்பு நின்னுபோச்சு. ஒவ்வொரு பெஞ்சும் பக்கத்துப் பெஞ்சப் பாக்காம டெஸ்கப் பாத்துச்சு. அத நான் எழுதல. மணியடிக்கவும் டஸ்டர எடுத்து எல்லாத்தையும் அழிச்சிட்டேன்.

"அப்பளம் வாங்கிக்கிடுங்கம்மா, அப்புறம் தட்டுப்பாடாயிரும்," பொன்னுத்தாயம்மாதான் சொல்லுதாங்க. ரெண்டு வாங்கி ஒண்ண என் இலையில வைக்காங்க. நல்ல கை, சின்னக் கை, நகத்த ஒட்ட வெட்டியிருக்காங்க. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில வேல பாத்தாங்களாம், தாரிணி சொல்லியிருக்கா. பருப்பு, நெய். இதுதான் நேரம். எப்படி ஆரம்பிக்கதுன்னு எனக்குத் தெரியாதா என்ன, எங்க மரகதம் பெரியம்மாவப் பாத்து வளந்தவ நான். பெரியம்மா ஒரு நாளும் நேராக் கேட்டதில்ல. சொந்த ஊர் எதும்பா. அடுத்து, அந்த ஊர்ல எந்தத் தெரும்பா. தெருவச் சொன்னாலே பாதி முடிஞ்சிரும். அதுலயும் பிடிபடலைன்னா, குலசாமி எங்க, கொடைத் திருவிழாவுக்குப் போவீங்களா, கெடா உண்டா பொங்கல் மட்டுந்தானாம்பா. அதுக்கும் மசியாத ஆளா இருந்தா, அப்பாவப் பெத்தவள உங்க வீட்ல என்னன்னு கூப்பிடுவீங்கம்பா, ஒரு சொல்லுல மொத்த வம்சமும் வெளிய வந்துரும். பந்தி முடிஞ்சு வீட்டுக்கு வந்து, செருப்பக் கழத்தும்போதே வாசல்ல நின்னு சொல்லிருவா, உள்ள வாரதுக்கு முன்னாடியே கல்யாணம் நிச்சயமாயிரும் இல்ல நின்னுரும். எங்க அத்தை மக வள்ளிக்கு அப்படித்தான் நின்னுச்சு. அந்த மாப்பிள்ளை தபால் ஆபீசுல இருந்தாரு, நல்ல நெறம், மவுத்தார்கன் வாசிப்பாரு. பெரியம்மா ஒரு கையில செருப்ப வச்சிக்கிட்டு, "அது நம்ம ஆளுங்க இல்ல"ன்னா. வள்ளி அடுக்களையில தேங்கா திருவிக்கிட்டு இருந்தா. திருவுத சத்தம் நிக்கவே இல்ல, பாத்துக்கிடுங்க. மூடி தீந்து செரட்டையில பல்லு உரசுத சத்தம் வந்துச்சு, அப்பவும் நிறுத்தல. கடைசி வரைக்கும் அவ கட்டிக்கிடவே இல்ல. நல்லாத்தான் இருந்தா, சிரிப்பா, தையல் சொல்லிக்குடுப்பா, பிள்ளைகளுக்கு முறுக்கு சுட்டுக் குடுத்துவிடுவா, ஆனா தேங்கா திருவ மட்டும் வேற ஆள் வரணும். தாரிணி இன்னைக்குப் பின்ன கடிச்சிக்கிட்டு பேசும்போது எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. வயித்துக்குள்ள கேட்டுச்சு. சாம்பார், சாம்பார்னு வாளியத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் ஓடுதான், நில்லுப்பா, ஓடாத, எனக்குக் கொஞ்சம் காயோட ஊத்து.

"உங்களுக்குச் சொந்த ஊரே தென்காசிதானா?" கேட்டது நான் இல்ல. அவங்க. சோத்தப் பிசைஞ்சிக்கிட்டே, இலைய விட்டு கண்ண எடுக்காமக் கேக்காங்க. இல்ல, பாளையங்கோட்டைன்னேன். "பாளையங்கோட்டையில எந்தப் பக்கம்?"னாங்க. வாய்க்குக் கொண்டுபோன உருண்டைய இலையில வச்சேன். எந்தப் பக்கம்! மரகதம் பெரியம்மாவோட ரெண்டாவது கேள்வியில்லா அது, தெருங்கிறதுக்குப் பதிலா பக்கம்னு மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான். அப்ப இவங்களையும் அனுப்பியிருக்காங்க. எதிர்ச் சுவரோரமா அவங்க மருமகளா இருக்கும், மாம்பழ நெறப் பட்டு, இங்கயே பாத்துக்கிட்டு நிக்கா. பரமசிவன் தூண்ல நிக்கான், அந்த மருமக சுவர்ல சாஞ்சு நிக்கா, ரெண்டு பேரும் ஆளுக்கொரு கிழவிய ஏவிவிட்டிருக்காங்க, நாங்க ரெண்டு பேரும் ஒரே சாம்பார ஊத்தித் தின்னுக்கிட்டு இருக்கோம். எனக்குச் சிரிப்பு வருது, பொறை ஏறப்போகுது. கல்லூரிப் பக்கம்னேன். அது தெரு இல்ல, அவங்களுக்கும் தெரியும். எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா நேராச் சொல்லியிருப்பாரு. கல்யாணமான புதுசுல வாடகைக்கு வீடு பாக்க அலைஞ்சோம், நல்ல வீடு, கொல்லையில நார்த்தங்கா மரம், வீட்டுக்கார அம்மா எல்லாத்தையும் காட்டிட்டு, வீட்ல கறி மீன் உண்டான்னா, உண்டுன்னாரு. கொடைக்கு எந்தக் கோயிலுக்குப் போவீங்கன்னா. இவரு சட்டைக் கைய மடிச்சுவிட்டுக்கிட்டே, "நாங்க எந்த ஆளுங்கன்னு சொன்னா அட்வான்ச குறைப்பீங்களா?"ன்னுட்டாரு. வீடு போச்சு. நார்த்தங்கா போச்சு. பஸ் ஸ்டாண்டுல உக்காந்து ஆளுக்கு ஒரு டீ குடிச்சோம், நான் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேன், அவரு, "உலகு, அந்த மரத்துல எறும்பு இருந்துச்சு, நான் பாத்தேன்"னாரு. இல்ல, இல்லவே இல்ல, சுத்தமான மரம் அது. மனுசன் போயி இத்தன வருசம் கழிச்சு அந்த எறும்ப நெனைச்சா இப்பவும் கோவம் வருது, சிரிப்பும் வருது.

இந்தக் காலத்துக் கல்யாணத்துல அல்வாக்குள்ள என்னத்தையெல்லாமோ போடுதாங்க. பல்லுல என்னமோ நறுக்குன்னு கடிபடுது, வால்நட். இதுக்கும் ஒரு கதை இருக்கு. இங்கிலாந்துல கடல் தாண்டி வந்து எறங்கினவங்க, அங்க ஏற்கெனவே குடியிருந்த ஜனத்தப் பாத்து வேயால்ஹ்னு பேரு வச்சாங்க. வேயால்ஹ்னா அந்நியன். வந்தவன் இருந்தவனப் பாத்து நீ அந்நியன்னுட்டான். அடிமைக்கும் அதே சொல்லு. அந்த ஜனம் ஒதுங்கிப் போயி இருந்த நாட்டுக்கு இன்னைக்கும் அந்தப் பேருதான், வேல்ஸ். தூரத்துல இருந்து வந்த கொட்டைக்கும் அதுதான் பேரு, அந்நியன் கொட்டை. தென்காசியில வந்து என் கடவாப்பல்லுல கடிபடுது. மென்னுட்டேன், நல்ல ருசிதான், லேசாக் கசக்கு. பின்னாடி சாவிக்காரர் பெருமூச்சு விடுதாரு. இன்னும் ரசம் வரல சார், நான் என்ன செய்ய. தூணப் பாக்கேன், பரமசிவன் புருவத்தத் தூக்கி என்ன ஆச்சுன்னு கேக்கான். நான் கேக்கணும். கேக்கலைன்னா என்ன ஆகும், அவன் வேற கிழவியப் பிடிப்பான், அவன் சித்தி இருக்கா, இந்த வாரமே அனுப்புவான். கேட்டா வீட்டுக்குப் போறவழியில கார்லயே முடிஞ்சிரும், தாரிணி பின் சீட்டுல சன்னலப் பாத்துக்கிட்டு வருவா. கேட்டு, மாத்திச் சொல்லிட்டா? நம்ம ஆளுங்கதான்னு சொல்லிட்டா? பத்திரிகை அடிக்கும்போது தெரிஞ்சிரும், அப்ப எம்பேத்திதான நடுவுல நிப்பா. எந்தப் பக்கம் போனாலும் செருப்ப கையில பிடிச்சிக்கிட்டு வாசல்ல நிக்கிறது நானாத்தான் இருக்கேன். "உங்கள நான் என்னன்னு கூப்பிட?" பொன்னுத்தாயம்மா கேக்காங்க. "வயசு?" எழுபத்தி நாலுன்னேன். "எனக்கு எழுபத்தொண்ணு, அப்ப அக்கான்னு கூப்பிடணும்." அல்வாவ வழிச்சு வாயில போட்டாங்க. மென்னாங்க. முழுங்கிட்டு, "அக்கான்னு கூப்பிட்டா நம்ம பிள்ளைக ரெண்டும் அண்ணன் தங்கச்சி ஆயிரும்லா. வேண்டாம். மதினி மொறை வச்சு மைனின்னே கூப்பிடுதேன்"னாங்க. நான் அவங்களத் திரும்பிப் பாத்தேன். உக்காந்ததுல இருந்து அப்பத்தான் நேராப் பாத்தேன். கண்ணாடிக்குள்ள கண்ணு சின்னதா, குறும்பா இருக்கு. "மைனி, என் மருமக என்னைய எதுக்கு இங்க உக்கார வச்சிருக்கான்னு உங்களுக்குத் தெரியும். உங்க மகன் உங்கள எதுக்கு உக்கார வச்சிருக்காருன்னு எனக்கும் தெரியும். எக்ஸ்சேஞ்சில இருந்து அடுத்தவங்க கேள்விய அடுத்தவங்களுக்குச் சேத்து சேத்து எனக்குக் காது புளிச்சுப் போச்சு. நான் உங்கள ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நீங்க என்னையக் கேக்கவும் வேண்டாம், நானே சொல்லுதேன், ஒளிக்க என்ன இருக்கு." சொன்னாங்க. ஒரே ஒரு சொல்லு. மெதுவாக்கூடச் சொல்லல, ரசம் ஊத்துதவனுக்குக் கேக்குத மாதிரித்தான் சொன்னாங்க. எங்க வீட்டுச் சொல்லு இல்ல அது. வேற.

அந்தச் சொல்ல நான் மனசுக்குள்ளகூடத் திருப்பிச் சொல்லல. வார மாதிரி இருந்துச்சு, நாக்குக்கு அடியில வந்து நின்னுச்சு, ஃபோல்க், லேயோட், தேயோட்னு அதுக்கு மேல மேல போட்டு மூடுதேன். ரசம் இலையில ஓடுது, கையால அணை கட்டுதேன், அணைய உடைச்சுக்கிட்டு அவங்க இலைப் பக்கம் ஓடுது. "அய்யோ, மைனி வீட்டு ரசம் நம்ம வீட்டுக்கு வந்துட்டே,"ங்காங்க. ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சதுல என் தோளு அவங்க தோள்ல இடிச்சுச்சு, சாவிக்காரர் இதுக கிளம்பாதுன்னு அடுத்த வரிசைக்குப் போயிட்டாரு. பயம் போயிட்டான்னா போகல. ஆனா வயித்துக்குள்ள கேட்ட சத்தம் இப்ப இல்ல. பாயசம் வந்துச்சு. இலையில ஊத்தச் சொல்லி, அப்பளத்த நொறுக்கிப் போட்டு, பழத்தப் பிசைஞ்சு, வழிச்சு வழிச்சுத் தின்னோம், அவங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், சுகர் ரெண்டு பேருக்கும் உண்டு. யெமாங்னு ஒரு சொல்லு உண்டு, அதுவும் கூட்டந்தான், கலந்து கெடக்குத கூட்டம், எண்ணிப் பேரு வைக்க முடியாதது. அமங்னு இன்னைக்கு இங்கிலீசுல நடுவுலங்கிற அர்த்தத்துல சொல்லுதோமே, அது இதுல இருந்து வந்ததுதான். கிளாசுல இத நான் வேகமாத் தாண்டிப் போயிருவேன், பரீட்சைக்கு வராது. மோரு வேண்டாம்னு இலைய எம்பக்கமா மடிச்சேன். பொன்னுத்தாய் மைனி மேசையில கைய ஊன்றி எந்திரிச்சாங்க, நான் அவங்கள ஊன்றி எந்திரிச்சேன். அதுக்குள்ள என் நாற்காலியில ஒரு கைக்குட்டை விழுந்துட்டு.

கை கழுவுத எடத்துல பரமசிவன் பக்கத்துல வந்து நிக்கான். குழாய அவனே திறந்துவிடுதான். "என்னம்மா, கேட்டீங்களா?" நான் கேக்கலப்பா, அவங்களே சொல்லிட்டாங்கன்னேன். அவன் மொகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, வேல முடிஞ்சுதுங்கிற மாதிரி. குனிஞ்சு காதக் குடுக்கான். "என்ன ஆளுங்களாம்?" எம்மகன் காது, பொறந்தன்னைக்கு முதல்ல பாத்தது இந்தக் காதத்தான், ஓரத்துல இப்ப நரைச்ச முடி வந்திருக்கு. "சொல்ல மாட்டேன்"னேன். "அம்மா." "தெரியணும்னா நீயே கேளு. அந்தா அந்தப் பையன் நிக்கான், உம்மக பக்கத்துலயே நிக்கா. அவ மொகத்தப் பாத்துக்கிட்டே அவனக் கேளு." "நான் எப்படிம்மா கேக்க?" "என்னைய எப்படிக் கேக்கச் சொன்னியோ அப்படித்தான். வாயாலதான்." கெட்டவன் இல்ல என் பிள்ளை. தெருவுல யாருக்கு உடம்புக்கு முடியலைன்னாலும் இவன் கார்தான் முதல்ல கிளம்பும். அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு. ஒருவேளை கேட்டுட்டா? நல்லவனுக்குக் கேக்கத் தெரியாதுன்னு யார் சொன்னா? போறான். நடக்கான். தாரிணி அவன் வாரதப் பாத்துட்டு என்னையப் பாத்தா, நான் ஒண்ணும் காட்டல, எங்கிட்ட காட்ட ஒண்ணும் இல்ல. அந்தப் பையன் தன் ஆச்சியோட ஹேண்ட்பேக்கத் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கான், நெட்டையா, கொஞ்சம் கூனா. இவன் போய் முன்னால நின்னதும் நிமிந்துட்டான். நான் குழாய மூடல, தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, யாரோ சத்தம் போடுதாங்க, போடட்டும். பரமசிவன் தாரிணியப் பாத்தான். அவ கண்ண எடுக்கல. பையனப் பாத்தான். வாயத் திறந்தான். "தம்பி," ன்னான். "சொல்லுங்க சார்." இவன் கைக்குட்டைய எடுத்துக் கையத் தொடைச்சான், ஈரமே இல்லாத கைய. திரும்பவும் வாயத் திறந்தான். "சாப்பிட்டீங்களா?"ன்னான். "இன்னும் இல்ல சார்." "நானும் சாப்பிடல. வாங்க, மூணாம் பந்திக்கு எடம் பிடிப்போம், விட்டாக் கிடைக்காது." நாளைக்குக் கேப்பானோ என்னவோ. இப்பக் கேக்கல. ரெண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலிக்குப் பின்னாடி போயி சாய்மானத்தப் பிடிச்சிக்கிட்டு, உக்காந்து சாப்பிடுதவங்க எப்படா எந்திரிப்பாங்கன்னு, பக்கத்துல பக்கத்துல நிக்காங்க.